பூனையின் முன்னங்கால்

ஏகாம்பரம் இருபத்தாறு வருடம் மாமல்லபுரத்தில் கல் கொத்தியவர். அவர் செதுக்கிய பிள்ளையார் ஒன்று கப்பலில் மலேசியா போகும் வழியில், கப்பல் சமையல்காரர் வைத்திருந்த கொழுக்கட்டையை எடுத்துத் தின்றுவிட்டது என்று சொல்வார். யாராவது சிரித்தால், உள்ளே பூரணம் எள்ளா தேங்காயா என்பதையும் சேர்த்துச் சொல்வார்.

கல்தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. இனி உளியைத் தொட்டால் உயிர் தங்காது என்றார் டாக்டர். கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாத மனிதர். ஐம்பத்திரண்டாவது வயதில் கொடைக்கானலுக்கு பஸ் ஏறி, ஒரு ஹோட்டலின் சமையல்கட்டில் காய்கறி கார்விங் செய்யும் பிலோமினாவிடம் சிஷ்யராகச் சேர்ந்தார்.

பிலோமினாவுக்கு வயது முப்பத்தாறு. எல்லாருக்கும் அவர் மாஸ்டர். அவர் கேரட்டில் செய்து கொடுத்த ரோஜாவை ஒரு கல்யாணப் பெண் பூ என்று நினைத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த குதிரைதான் அது கேரட் என்று கண்டுபிடித்தது.

பதினோரு மாதம் ஆயிற்று. ஏகாம்பரம் செய்த எதுவும் மேசைக்குப் போகவில்லை. அவர் ஒரு மயிலைச் செதுக்குவார். சமையல்கட்டே கூடி நின்று பாராட்டும். மாஸ்டர் அதை வாங்கி நாலாக நறுக்கிச் சாம்பாரில் போடுவார்.

ஒரு நாள் ஏகாம்பரம் கேட்டேவிட்டார்.

"மாஸ்டர், என் வேலையில என்ன குறை?"

"எல்லாரும் பாராட்டறாங்க."

"அது குறையா?"

மாஸ்டர் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார். "எங்க குரு சைமன் மாஸ்டர் ஒரு கல்யாணத்துல சுரைக்காயில மீன் செஞ்சார். செதில், செவுள், எல்லாம். மண்டபமே வந்து பார்த்துச்சு. மாப்பிள்ளையோட அப்பா தன் மோதிரத்தைக் கழட்டி இவர் விரல்ல போட்டார். சைமன் மாஸ்டர் முகம் மட்டும் தெளியவே இல்லை. அப்ப ஜன்னல் வழியா ஒரு பூனை குதிச்சுது. மீனைக் கவ்விக்கிட்டு ஓடிடுச்சு."

"ஐயோ."

"சமையல்காரங்க கரண்டியோட பின்னால ஓடினாங்க. சைமன் மாஸ்டரும் ஓடினார். மூணு தெரு. ஒரு குட்டிச்சுவர்கிட்ட மடக்கிட்டார்."

"ரெண்டு சாத்து சாத்தினாரா?"

"கால்ல விழுந்தார்."

"பூனை கால்லயா?"

"முன்னங்கால்ல."

"பூனை என்ன செஞ்சுது?"

"மீனை விடலை. அதுக்கு அது சுரைக்காய் இல்லையே."

மாஸ்டர் வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

அக்டோபர் கடைசியில் காரைக்குடியிலிருந்து ஒரு குடும்பம் வந்து தங்கியது. பன்னிரண்டு பேர். மகன் சாத்தப்பனும் மருமகளும் அமெரிக்காவிலிருந்து லீவில் வந்தவர்கள். முப்பத்தொன்றாம் தேதி அங்கே பேய்த் திருவிழாவாம், ஹாலோவீன் என்று பெயராம். அன்றைக்கு விருந்து மேசை நடுவில் ஒரு பேய்ப் பூசணி வேண்டும் என்று கேட்டார்கள்.

மாஸ்டர் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டார். "அண்ணே, இந்த மேசை முழுக்க உங்க கை. நான் தொட மாட்டேன். சரியா வந்தா என் கத்தியை எடுத்துக்கிட்டு தை மாசம் திண்டுக்கல் கல்யாணத்துக்கு நீங்க தனியாப் போங்க."

"வரலைன்னா?"

"மாமல்லபுரத்துல வீடு இருக்குதுல்ல?"

ஏகாம்பரத்துக்குப் புரிந்தது. வீடு இருந்தது. அங்கே போனால் செய்வதற்குத்தான் ஒன்றும் இல்லை.

"பாருங்க மாஸ்டர். இந்த மலையில இருக்கிற பேயெல்லாம் வந்து என்கிட்ட முகம் மாத்திக்கிட்டுப் போகும்."

சாத்தப்பன் போனில் படம் காட்டினான். பூசணியைக் குடைந்து, கண்ணையும் வாயையும் ஓட்டை போட்டு, உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். ஏகாம்பரம் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கண்ணை ஓட்டை போட்டுட்டா பேய் எதால தம்பி பார்க்கும்?"

மூன்று நாள் செதுக்கினார். பத்துக் கிலோ மஞ்சள் பூசணி. கோபுரத்துப் பூதத்துக்குச் செய்கிற மாதிரியே புடைத்த விழி, முறுக்கிய புருவம், இரண்டு கோரைப்பல். நாக்குக்குப் பூசிய பீட்ரூட் சாறு ஒட்டவில்லை. சாமி மாடத்துக் குங்குமத்தைக் குழைத்துத் தடவினார். தலையணைப் பஞ்சைப் பிரித்து மேசை நெடுக வலை கட்டினார். இரண்டு எலுமிச்சம்பழங்களில் எட்டெட்டுப் பச்சை மிளகாயைச் செருகியதும் சிலந்திகள் ஆயின. கத்திரிக்காய்த் தோல் வௌவாலாகத் தொங்கியது.

கருவிழியைக் கடைசியாகத்தான் வைத்தார். கண் திறந்ததும் சூடம் காட்டுவது கல் வேலையில் இருந்தபோதே வந்த பழக்கம். பேயின் தலையிலேயே ஒரு கட்டியை வைத்து ஏற்றினார்.

அன்று சாயங்காலம் கொடைக்கானலில் பனி அப்படி. சமையல்கட்டிலிருந்து கிளம்பிய சூப், மேசைக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு கரண்டி கூடியிருந்தது. ஏகாம்பரமும் மாஸ்டரும் கதவு இடுக்கில் நின்று பார்த்தார்கள்.

"ஐ, செம்ம க்யூட்!" என்றாள் மருமகள்.

ஏகாம்பரம் மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார். மாஸ்டர் சாம்பார் சட்டி இருந்த பக்கம் பார்த்தார்.

எல்லாரும் போனை எடுத்தார்கள். ஒருவர் பேயின் தோளில் கை போடப் பார்த்தார், தோள் இல்லை. ஒரு வாண்டு அதன் வாயில் போண்டாவைத் திணித்து, "பேயாரே, சட்னி வேணுமா?" என்றது. சாத்தப்பனின் அப்பா எழுந்து வந்து, "யாருப்பா ஆர்ட்டிஸ்ட்? கையைக் கொடு" என்று ஏகாம்பரத்தின் கையைக் குலுக்கினார்.

குலுக்கிய கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஏகாம்பரம் மாஸ்டர் பக்கம் திரும்பினார். "பாராட்டிட்டாங்க மாஸ்டர்" என்றார், காய்ச்சல் வந்தவர் மாதிரி.

"பார்த்தேன்."

சாத்தப்பனின் அம்மா வள்ளிக்கண்ணு ஆச்சி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டு, பேயையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தபடி இருந்தார்.

ஏழரைக்கு விருந்து முடிந்தது. மகனுக்கும் மருமகளுக்கும் காலையில் மதுரையில் விமானம். பெட்டிகள் வேனில் ஏறின. அப்போது ஆச்சி சமையல்கட்டு வாசலுக்கு வந்தார்.

"அண்ணே, சூடம் இருக்கா?"

ஏகாம்பரத்துக்கு முகம் மலர்ந்தது. ஒருவருக்காவது சூடம் காட்டி இன்னொரு முறை பார்க்கத் தோன்றியிருக்கிறதே! டப்பாவோடு எடுத்துக் கொடுத்தார். தீப்பெட்டியும் கொடுத்தார்.

ஆச்சி நேராக மேசைக்குப் போனார். முந்தானையை இழுத்துச் செருகினார். வாயிலிருந்த போண்டாவைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பத்துக் கிலோ பேயைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். இரண்டு மிளகாய்ச் சிலந்திகளையும் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

"எல்லாரும் கிழக்கே பார்த்து நில்லுங்க. சாத்தப்பா, நீ நடுவுல."

"அம்மா! அது டெகரேஷன்மா! ஹோட்டலோடது!"

"வாயை மூடு. நாலு வருஷம் கழிச்சு வந்திருக்கே, வந்த அன்னைக்கே சளி பிடிச்சுது. எத்தனை கண்ணு பட்டிருக்கோ! வெள்ளைப் பூசணிதான் வழக்கம். இதோட மூஞ்சியைப் பார்த்தியா? இதைத் தாண்டி எது வரும்?"

பேயின் தலையில் சூடத்தை ஏற்றினார். வலமாக மூன்று சுற்று, இடமாக மூன்று சுற்று. "ஊருக் கண்ணு, உறவுக் கண்ணு, ஏர்போர்ட்டுக் கண்ணு, எல்லாம் போகட்டும்" என்றார். கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போனார். இரண்டு கையாலும் உயரத் தூக்கினார்.

"மேடம்! மேடம்!" என்று ஏகாம்பரம் ஓடினார்.

பூசணி உடைந்த சத்தம் பழனிவரை கேட்டது.

பேய் நாலு பக்கமும் சிதறியது. ஒரு கண் மட்டும் ரோட்டில் உருண்டு வந்து ஏகாம்பரத்தின் செருப்பில் முட்டி நின்றது. அவரை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் கவிழ்ந்தது.

"யாரும் திரும்பிப் பார்க்காம ஏறுங்க" என்றார் ஆச்சி. மகனின் நெற்றியில் பட்டிருந்த சூடக் கரியைத் துடைத்துவிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

ஏகாம்பரம் அந்தக் கண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குத் திரும்பினார். மாஸ்டர் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மூணு நாள் மாஸ்டர். கல்லா இருந்தா ஆயிரம் வருஷம் நிக்கும்."

மாஸ்டர் துடைத்தார்.

"நான் ஊருக்குப் போறேன். திண்டுக்கல்லுக்கு வேற ஆளைப் பாருங்க."

மாஸ்டர் கத்தியின் முனையை விளக்கில் காட்டிப் பார்த்தார்.

"மத்தவங்களாவது ஒரு வார்த்தை சொன்னாங்க. அந்தம்மா நல்லா இருக்குன்னு சொல்லலை. ஒரு போட்டோ எடுக்கலை. செஞ்சது யாருன்னுகூடக் கேட்கலை. பேசாம தூக்கிட்டுப் போய்..."

ஏகாம்பரம் நிறுத்தினார். கையில் இருந்த கண்ணைப் பார்த்தார்.

மாஸ்டர் கத்தியைத் துணியில் சுற்றினார். அவர் கையிலிருந்து கண்ணை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அந்த இடத்தில் கத்தியை வைத்தார். வெளியே குளிரில் வேன் இரண்டு தடவை இருமிவிட்டு ஸ்டார்ட் ஆனது.

"நிக்காதீங்கண்ணே, ஓடுங்க" என்றார் மாஸ்டர். "பூனை போகுது."