கொடை பெரிது

பல தலைமுறைகளுக்கு முன்னால் நீள்கரை நாட்டை வெகுளிவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். வெகுளி என்றால் பழந்தமிழில் கோபம். இன்றைய பேச்சில் ஒன்றும் அறியாதவர். ராஜாவுக்கு இரண்டு பொருளும் பொருந்தின. எந்த நேரத்தில் எது என்பதுதான் யாருக்கும் தெரியாது. அவர் தப்பாக வாசித்த ஒரு செய்யுளைச் சபையில் திருத்திய ஓலைநாயகர், அதன் பிறகு குதிரை லாயத்தில் இருந்தார். நாக்கு இல்லாமலும் பார்க்கக்கூடிய வேலை அது.

கடலுக்கு அப்பால் ஆயிரவூர் என்ற நாடு இருந்தது. நீள்கரையைவிட ஐந்து மடங்கு பெரியது. எழுத்தும் பேச்சும் நம்முடையவைதான். ராஜா மட்டும் கிடையாது. குடிகள் ஆளுக்கோர் ஓலை போட்டு, தங்களை ஆளும் சபையைத் தாங்களே தேர்ந்துகொள்வார்கள். அங்கே தொடர்ந்து மழை பொய்த்தது. சபை உதவி கேட்டது.

நீள்கரையின் மந்திரி சேந்தனார் ஏழாண்டுத் திட்டம் ஒன்று வகுத்தார். முதல் மூன்று ஆண்டுகள் நெல். பிறகு மதகும் கிணறும். அவற்றை எந்த ஊரில் கட்டுவது என்பதை அந்தச் சபையே சொல்லட்டும். செலவுக்கு என்ன வழி? ராஜாவின் பிறந்தநாள் யானைத் திருவிழாவை ஏழாண்டுக்கு நிறுத்திவைக்கலாம் என்றார். ராஜா அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்ததால் சம்மதித்துவிட்டார்.

திருவிழாவை நடத்தி அதிலேயே கொழுத்த கருவூலத் தலைவர் பொன்பற்றியாருக்கு வயிறு எரிந்தது. நன்றி சொல்ல ஒரு ராஜாகூட இல்லாத நாட்டுக்கு எதற்கு வாரி இறைக்க வேண்டும் என்று ராஜசபையிலேயே கேட்டார். சேந்தனார் கொஞ்சம் அவசரப்பட்டு, "இந்த உதவி வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார். மந்திரிகள் தலையைப் பணயம் வைக்கும்போது அது கழுத்தின் மேல்தான் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாம் ஆண்டு ஆறு கப்பல்களில் நெல் ஏற்றியாயிற்று. புறப்படும் நாளில் ஒரு வணிகக் கப்பல் வழியாக ஆயிரவூர்ச் சபையின் ஓலை வந்தது. ராஜா அதைத் தானே உரக்க வாசித்தார்.

"இவ்வாண்டு கொடை மிகப் பெரிது. இனியும் கொடை நீண்டால் எம் குடிகள் தாங்கமாட்டார்கள்."

ராஜாவின் காது மடல்கள் சிவந்தன.

"தாங்கமாட்டார்களாம், அரசே," என்றார் பொன்பற்றியார் மெதுவாக. "நம்முடைய நெல் அவர்களுக்குப் பாரமாம்."

ஓலை கைமாறிச் சேந்தனாரிடம் வந்தது. பார்த்த கணமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஓலை எழுத்தில் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்புதான். வேறுபடுத்தப் புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துவிடும். கொடை என்றும் வாசிக்கலாம், கோடை என்றும் வாசிக்கலாம். அவர்கள் எழுதியது கோடை. ஒரு நாடே தாகத்தில் கதறுகிறது. ராஜா அதை அவமதிப்பாக வாசித்துவிட்டார். திருத்தினால் நாக்கு போகும். திருத்தாவிட்டால் தலை போகும், அதோடு கப்பல்களும் போகாது. பொன்பற்றியாரை ஏறிட்டுப் பார்த்தார். மீசைக்கடியில் ஒரு சிரிப்பு. அவருக்கும் தெரிந்திருந்தது.

ராஜா உத்தரவிட்டார்: கப்பல்கள் நிற்கட்டும். எச்சரித்த பொன்பற்றியாருக்குக் கொடை. அதைக் கொடுத்து முடித்துவிட்டு, பொழுது சாயும்போது சேந்தனார் சொன்ன சொல்லைக் காப்பாற்றட்டும்.

சேந்தனார் கைகூப்பினார். அரசர் கைப்பட ஓலை இல்லாமல் கொடை வழங்குவது மரபில்லை என்றார். ராஜா எழுத்தாணியை வாங்கிக் கிறுக்கினார்: 'பொன்பற்றியாருக்கு இன்று கொடை குறைவின்றி அளிக்க.'

சேந்தனார் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு காவலர்களைக் கூப்பிட்டார். அவர்கள் பொன்பற்றியாரின் மிதியடியைக் கழற்றி, தோளில் ஒரு கம்பளியைப் போர்த்தி, உச்சி வெயிலில் கருங்கல் முற்றத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ராஜா மண்டபத்திலிருந்து புருவத்தை உயர்த்திப் பார்த்தார், ஏதும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருக்கும்போதுதான் எல்லோருக்கும் அதிகப் பயம்.

ஒரு நாழிகைகூட ஆகவில்லை. கால் மாற்றிக் கால் வைத்து ஆடிய பொன்பற்றியார், தண்ணீர் கேட்டுப் பார்த்தார். கோடையில் குறை வைக்கக்கூடாது என்பது ஆணை, தண்ணீர் கொடுத்தால் குறைந்துவிடும் என்று சேந்தனார் பணிவோடு விளக்கினார்.

"ஓய், அது கோடை இல்லை, கொடை," என்று அலறினார் பொன்பற்றியார். "ஓலையில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். பொருள் பார்த்து வாசிக்க வேண்டும். இதுகூடத் தெரியாதவன் மூடன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. அந்த வெயிலிலும் முகம் வெளுத்தது.

"யார் மூடன்?" என்றார் ராஜா.

"என்னைத்தான் சொன்னார், அரசே," என்றார் சேந்தனார் சட்டென்று.

ராஜா ஆயிரவூர் ஓலையைக் கேட்டு வாங்கினார். இந்த முறை உரக்க வாசிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது; ஒரு முறை, இன்னொரு முறை. பிறகு தலை நிமிர்ந்தார்.

"சேந்தனாரே, இதை நீர் எப்படி வாசிப்பீர்?"

அன்று அவரிடம் கேட்கப்பட்டவற்றில் அதுதான் மிக ஆபத்தான கேள்வி.

"தாங்கள் இப்போது வாசித்தீர்களே, அரசே, அப்படியே."

ராஜா ஓலையைச் சுருட்டி வைத்தார். பிறகு காற்று எப்படி இருக்கிறது என்று கேட்டார். இன்னும் இரண்டு நாழிகை கப்பலுக்குச் சாதகமாக வீசும் என்றார்கள். கப்பல்கள் விடுவிக்கப்பட்டன. சேந்தனார் தோளில் ராஜாவின் சால்வை விழுந்தது. வெந்த காலோடு பொன்பற்றியார் முதல் கப்பலில் ஏற்றப்பட்டார். ஆயிரவூரில் கடைசி மதகு கட்டி முடியும்வரை மண் சுமந்துவிட்டுத் திரும்பலாம் என்பது உத்தரவு.

நெல் போய்ச் சேரும்வரை அந்த மக்கள் நம்பிக்கை விடக்கூடாதென்று, விரைவுப் படகில் முன்னதாக ஒரு பதில் ஓலை அனுப்பும் பொறுப்பு சேந்தனாருக்கு வந்தது. 'நெல்' என்று எழுதப்போனவர், அதில் இருந்த கொம்பைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார். மூன்று ஓலைகள் வீணாயின. நாலாவதில் எழுதி முடித்தார்:

'ஆறு கப்பல் தானியம் வருகிறது. அஞ்சாதிருங்கள்.'