பதினைந்து நாளுக்கு ஒரு வேளை

இதை நான் நேரில் பார்க்கவில்லை. பளுதூக்கும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் சமையல் பார்த்த செலினா அக்கா சொன்னது. பாதி அவர் கண்ணால் பார்த்தது. மீதியை இதில் வரும் லாரி ஓட்டுநரே அவரிடம் சொல்லியிருக்கிறார். நான் ஒன்றிரண்டை மறந்திருக்கலாம். நானாகச் சேர்த்தது எதுவும் இல்லை.

லாரி ஓட்டுநர் சேவுகன், விடுதியின் பயிற்சியாளர் எஸ்தரிடம் வந்து கேட்டார்.

"ஒரு வேளைக்கு உடம்பு எவ்வளவு புரதம் எடுத்துக்கும், மேடம்?"

கேட்டவருக்கு ஐம்பத்து நாலு வயது. எஸ்தருக்கு முப்பத்தொன்று.

எதற்குக் கேட்கிறீர்கள் என்றார் எஸ்தர்.

சேவுகன் கையிலிருந்த தூக்குவாளியைக் காட்டினார். பாதிக்கு மேல் குழம்பு அப்படியே இருந்தது.

அவர் மகள் கோபிகா அந்த விடுதியில்தான் இருந்தாள். தாய் இல்லாத பெண். சேவுகன் நாசிக்கிலிருந்து வேலூருக்கு வெங்காயம் ஏற்றி வருவார், பதினைந்து நாளுக்கு ஒருமுறை. வழியில் வண்டியை ஓரங்கட்டி, ஸ்டவ்வைப் பற்றவைத்து, ஒரு முழு நாட்டுக்கோழியைக் குழம்பு வைப்பார். மார்க்கெட்டில் மூட்டை இறங்கி முடிவதற்குள் விடுதிக்கு வந்து மகளுக்குப் பரிமாறுவார். அவள் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுப் போவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோபிகா நாலு துண்டோடு கையை எடுத்துவிட்டாள். ஒரு வேளையில் முப்பது கிராமுக்கு மேல் புரதம் போனால் உடம்பு எடுத்துக்கொள்ளாதாம். மிச்சமெல்லாம் வீணாம். போட்டி நடந்த இடத்தில் பவுடர் டப்பா விற்றவர் சொல்லியிருக்கிறார்.

அப்பாவை நோகடிக்க அவள் இதைச் சொல்லவில்லை. இவ்வளவு சிரமப்பட்டுச் செய்யாதீர்கள் என்றுதான் சொன்னாள்.

"கல்கத்தா லைன்ல போறியான்னு முதலாளி கேட்டுக்கிட்டே இருக்காரு" என்றார் சேவுகன். "பாப்பாவைப் பார்க்க முடியாதுன்னுதான் வேணாம்னேன். வீணாத்தான் போகுதுன்னா, இன்னைக்கே சரின்னு சொல்லிடுறேன்."

எஸ்தர் கேட்டார்: "வண்டியில எவ்வளவு லோடு, அண்ணே?"

"பதினாறு டன்."

"இறக்க எத்தனை பேர்?"

"நாலு பேரு."

"ஒருத்தர் ஒரு நடைக்கு?"

"ஒரு மூட்டைதான். நீங்க வந்தா ரெண்டு தூக்குவீங்க."

"அப்போ நாலு மூட்டைக்கு மேல இருக்கிறதை என்ன பண்றாங்க? குப்பையில கொட்டிடுறாங்களா?"

"அதெப்படி? இறங்குற வரைக்கும் வண்டி நிக்கும்."

"உடம்பும் அவ்வளவுதான்" என்றார் எஸ்தர்.

சேவுகன் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. தூக்குவாளியின் மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கோழியை விடுங்க மேடம். அவளுக்கு நாலு வயசுலேர்ந்து நானும் இப்படித்தான். பதினஞ்சு நாளைக்கு ஒரு வேளை. அதுல புள்ளைக்கு என்ன ஒட்டியிருக்கும்?"



வியாழக்கிழமை வரை முதலாளியிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்று மட்டும் எஸ்தர் கேட்டுக்கொண்டார். தூக்குவாளியை வாங்கிக்கொண்டு உள்ளே போய் அதைக் கோபிகாவின் முன்னால் வைத்தார். அவள் முப்பது கிராம் என்று ஆரம்பித்தாள். பேசாமல் சாப்பிடச் சொன்னார்.

வியாழக்கிழமை மாலை. கோலாப்பூர் தாண்டி ஒரு டீக்கடை ஓரம் சேவுகனின் வண்டி நின்றிருந்தது. எஸ்தரின் எண்ணிலிருந்து போன் வந்தது.

ஹலோ என்றார். பதில் இல்லை.

எஸ்தர் போனைப் பயிற்சிக் கூடத்து ஜன்னலில் வைத்துவிட்டு நகர்ந்திருந்தார்.

இரும்பு தரையில் விழும் சத்தம். பெண்களின் பேச்சு. பிறகு கோபிகாவின் குரல்.

"எங்கப்பா ஓசூர்ல கோழி வாங்கி வண்டிக்கு அடியில கட்டிப் போட்டிருக்கார்டி. அது கயித்தை அவுத்துக்கிட்டுப் பக்கத்து லாரியில ஏறிடுச்சு. அது பூனா போற லாரி. எங்கப்பா லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, டிக்கெட் எடுக்காம எங்கடி போற, இறங்குடின்னு பின்னாலயே ஓடியிருக்கார்."

ஞாயிற்றுக்கிழமை சோறு போட்டுக்கொண்டே அவர் அவளுக்குச் சொன்னது அது.

திங்கள்கிழமையிலிருந்து இதையேதான் சொல்கிறாய் என்று யாரோ சலித்துக்கொண்டது கேட்டது.

"கேளுடி. அடுத்த கோழி வாங்குனதுதான் பெரிய கதை."

கூடமே சிரித்தது.

சேவுகன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கடைக்காரர் டீயைக் கொண்டுவந்து வைத்தார். அதில் ஆடை படிந்தது.

கல்கத்தா லைனுக்கு வேறு ஆள் போனார்.

அந்த முப்பது கிராம் கணக்கைப் பிறகு நான் தேடிப் பார்த்தேன். ஓர் ஆய்வில் ஒரே வேளையில் நூறு கிராம் புரதம் கொடுத்து, அது உடம்பில் சேர்வதைப் பன்னிரண்டு மணி நேரம் அளந்திருக்கிறார்கள். அளப்பதை நிறுத்தியபோதும் அது சேர்ந்துகொண்டுதான் இருந்தது.