கிளியின் கழுத்தில் ஒரு சுருள்

மாசிலாமணி மரவேலைக்காரர். மனைவி போன பிறகு, எல்லாப் பற்றையும் விட்டுவிடுவது என்று ஆசிரமத்துக்கு வந்தவர். குரு உமையாளுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. ஆனாலும் வாய் நிறைய "அம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

ஆவணி மாதத்தில் ஒரு காலை, அவர் குருவிடம் வந்தார்.

"என் மகள் பூங்கோதைக்கு ஐப்பசியில் வளைகாப்பு. 'அம்மாதான் இல்லை, நீங்களாவது வந்து நில்லுங்கப்பா' என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். தியானத்தில் உட்கார்ந்தால் அவள் முகம்தான் வருகிறது. இந்தப் பற்றை எப்படி அறுப்பது, அம்மா?"

குரு வாசலைக் காட்டினார். அங்கே ஒரு கிருஷ்ணகமலக் கொடி தரையில் படுத்துக் கிடந்தது.

"அது ஏறுவதற்கு அழகாக ஒரு மரச்சட்டம் செய்து கொடுங்கள், ஐயா. பிறகு பேசலாம்."

மாசிலாமணி தேக்கை மெல்லிய பட்டைகளாக அறுத்தார். அவற்றைக் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்த்துக் கோத்தார். உச்சியில் இரண்டு கிளிகளைச் செதுக்கினார். உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து வார்னிஷ் அடித்தார். வாசலில் நட்டபோது, போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று பார்த்தார்கள்.

கொடி ஏறத் தொடங்கியது. அதன் நுனிகளிலிருந்து சுருள் சுருளாகக் கம்பிகள் நீண்டு பட்டைகளைச் சுற்றின. ஒன்று கிளியின் கழுத்தையே வளைத்தது. மாசிலாமணிக்குப் பொறுக்கவில்லை. தினமும் கத்தரிக்கோலோடு நின்று அவற்றை நறுக்கினார். கொடியைச் சணலால் நேர்த்தியாகக் கட்டி வைத்தார்.

சமையல்கட்டு நாச்சியார் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "என்ன ஐயா, கொடிக்குத் தினமும் சவரமா?"

ஐப்பசி வந்தது. வளைகாப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது மழையும் காற்றும் அடித்தன. விடிந்து பார்த்தால் சட்டம் அசையாமல் நின்றது. கிளிகளும் நின்றன. சணல் அறுந்து, கொடி சேற்றில் கிடந்தது.

மாசிலாமணி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். குரு குடையோடு வந்து குனிந்தார்.

"நன்றாகத்தானே கட்டியிருந்தீர்கள்?"

"இறுக்கித்தான் கட்டினேன், அம்மா."

"சுருள் சுருளாக ஏதோ வந்ததே, அதெல்லாம் எங்கே?"

"சட்டத்தின் அழகைக் கெடுத்தது. அறுத்துவிட்டேன்."

"எல்லாவற்றையுமா?"

"ஒன்று விடாமல்."

"அதற்கு என்ன பெயர், ஐயா?"

"பற்றுக்கம்பி" என்றார் மாசிலாமணி. சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவர் காதில் விழுந்தது.

குரு அவர் தலைக்கு மேலே குடையை நகர்த்திப் பிடித்தார். மாசிலாமணி நிமிர்ந்து பார்த்தார். கிளியின் முதுகுப்பக்கம், அவர் கண்ணில் படாத ஒரு சுருள் இன்னும் விடாமல் சுற்றியிருந்தது. அதில் ஒரு சாண் கொடியும் ஒரு பூவும் தொங்கின.

குரு கேட்டார்.

"பூங்கோதை ஊருக்கு முதல் பேருந்து எத்தனை மணிக்கு, ஐயா?"