முந்நூறு சுவர்கள்

"முப்பத்தாறு நாளாச்சுங்மா. ஒருத்தரும் கூப்பிடலீங்க."

சென்னியப்பன் இதைச் சொல்லிவிட்டு மடத்துத் தரையில் உட்கார்ந்தார்.

காங்கயம் ரோட்டோரம் ஒரு கரடு, சின்னப் பாறைக்குன்று. கரட்டடியில் ஒற்றை அறை மடம். ரோட்டைப் பார்த்து நீளமாக ஒரு சுவர், லாரிப் புகையில் கறுத்துப் போனது. சுவருக்கு உட்புறம், மணல் மேல் வைத்த இரண்டு தண்ணீர்ப் பானைகள். மடத்துச் சொத்து அவ்வளவுதான்.

மடத்தம்மாவுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. சென்னியப்பனுக்கு ஐம்பத்து மூன்று. இவர் அந்த அம்மாளை அம்மா என்பார், அந்த அம்மாள் இவரை அண்ணா என்பாள். குறையோடு வருகிறவர்களுக்கு அவள் பெரிதாகப் பதில் ஒன்றும் சொல்வதில்லை. ஆனாலும் ஒருமுறை வந்தவர்கள் மறுபடியும் வந்தார்கள்.

ஒரு சொம்புத் தண்ணீரை அவர் முன்னால் வைத்தாள்.

"இந்த மாசத்துல தண்ணி குடிக்கற மொத ஆளு நீங்கதானுங்ணா."

சென்னியப்பன் மடமடவென்று குடித்தார். அவள் சொன்னது காதில் ஏறவில்லை. தன் குறையைச் சொல்ல வந்தவனுக்கு அடுத்தவர் பானையைப் பற்றி என்ன?

அவர் குறை இது.

இருபத்திரண்டு வருடம் சாயப்பட்டறையில் வேலை. தொட்டிகளைப் பீய்ச்சியடித்துக் கழுவுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பட்டறையை மூடிவிட்டார்கள். தெரிந்த ஒரே வித்தை தண்ணீர் பீய்ச்சுவது என்பதால், வீட்டில் இருந்த ஒரே கறவை மாட்டை விற்று பிரஷர் மெஷின் ஒன்று வாங்கினார். சுவர், தரை, மொட்டைமாடிப் பாசி, எதுவானாலும் கழுவித் தரும் தொழில். அந்த மாடு, மனைவி சாரதாமணி கன்றிலிருந்து வளர்த்தது. செவலை என்று கூப்பிடுவாள்.

மெஷின் வந்த அன்று, ஓட்டிப் பார்ப்பதற்காகக் காலியாகக் கிடந்த மாட்டுக் கொட்டகையைக் கழுவினார். பத்து வருடத்துச் சாணிக்கறை பத்து நிமிடத்தில் போனது. தரை பளிச்சென்று ஆனதைக் காட்ட மனைவியைக் கூப்பிட்டார். சாரதாமணி வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினாள். மாட்டு வாசமும் போய்விட்டது என்று தெரிந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதன்பிறகு அந்த மெஷின் வேறெதையும் கழுவவில்லை.

வீடு வீடாக ஏறி இறங்கினார். மழை வந்தால் தானே கழுவிவிடும் என்றார் ஒருவர். அடுத்த வருடம் பெயிண்டே அடிக்கப்போகிறோம் என்றார் இன்னொருவர். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். பெங்களூரில் இருக்கும் மச்சான் ஒரு அடுக்குமாடியில் வாட்ச்மேன் வேலை பார்த்து வைத்திருந்தான். பதினைந்து நாள்தான் பிடித்துவைக்க முடியும் என்று சொல்லிவிட்டான். ஒரு ஆளுக்குத்தான் அங்கே இடம், வாட்ச்மேன் அறையில் படுக்கை. கல்யாணம் ஆகி இருபத்தொன்பது வருடத்தில் சென்னியப்பனும் சாரதாமணியும் பிரிந்து இருந்ததே இல்லை.

"பாஞ்சு நாளைக்குள்ள ஒரே ஒரு செவுருங்மா. ஒண்ணு கெடச்சாப் போதும், நான் போகமாட்டேன். எப்படிப் புடிக்கறது?"

"என்னென்ன செஞ்சீங்க?"

"நூறு நோட்டீஸ் ஒட்டுனனுங்க."

"எங்க?"

"செவுத்துலதானுங்க." அந்த நேரத்திலும் சென்னியப்பனுக்குக் கொஞ்சம் பெருமை வந்தது. "நம்ம மடத்துச் செவுத்துலயும் ஒண்ணு ஒட்டியிருக்கறனுங்க. பாத்தீங்களா?"

"வாங்க."

இருவரும் ரோட்டுப் பக்கம் வந்தார்கள். கறுத்த சுவரில், கண் உயரத்தில், மஞ்சள் நோட்டீஸ்.

"படிங்ணா."

சென்னியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"உங்கள் சுவர் அழுக்கா? கழுவித் தரப்படும். அணுகவும், சென்னியப்பன்."

கீழே இருந்த போன் நம்பரையும் விடாமல் படித்தார்.

மடத்தம்மா நோட்டீசின் மூலையில் நகத்தை வைத்தாள். சுரண்டினாள். நகம் அளவுக்கு ஒரு துணுக்கு வந்தது. அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

உள்ளே போய்விட்டாள்.

சென்னியப்பன் துணுக்கைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி துணுக்கைப் பார்த்தார்.

பொறி தட்டியது. பசை சரியில்லை என்கிறாள் அம்மா.

ஞானம் வாங்கப் போனவர் பசை காய்ச்ச வீட்டுக்கு ஓடினார்.

மாட்டுக்குத் தவிடு காய்ச்சிய அண்டா சும்மாதானே கிடந்தது? மைதாவைக் கரைத்து, மயில்துத்தம் போட்டு, போதாதென்று தச்சாசாரி பட்டறையில் மரம் ஒட்டும் வஜ்ரமும் வாங்கிக் கலந்து கொதிக்கவைத்தார். சாரதாமணி கிண்டினாள். இம்முறை இருநூறு நோட்டீஸ். இன்னொரு புத்தியும் வந்தது. முன்பு ஒட்டியதெல்லாம் அழுக்குச் சுவர். அழுக்கோடு அழுக்காக நோட்டீசும் மங்கிப்போய்விட்டது, யார் கண்ணில் படும்? அதனால் ஊரில் வெள்ளை வெளேரென்று இருந்த சுவர்களாகப் பொறுக்கி எடுத்தார். கல்யாண மண்டபம். பள்ளிக்கூடம். மகள் கல்யாணத்துக்காகப் போன வாரம்தான் பெயிண்ட் அடித்திருந்த ரிட்டயர்டு தாசில்தார் வீடு. அங்கே மட்டும் இரண்டு.

கெட்டிக்காரத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டும். அது அவருக்கு இல்லை.

நான்காம் நாள் காலையில் போன் அடித்தது.

சாரதாமணி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். அவள் கண்ணில் ஒரு வெளிச்சம். மாட்டை விற்ற பிறகு அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"செவுரு கழுவற சென்னியப்பனா?"

"ஆமாங்க, ஆமாங்க. சொல்லுங்க."

தாசில்தார் சொன்னார். சென்னியப்பனின் அப்பனில் தொடங்கி, பாட்டனுக்குப் போய், பிறகு நேராக அவரிடம் வந்தார். அந்தப் போனில் மெதுவாகப் பேசினாலே பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். தாசில்தார் மெதுவாகப் பேசவில்லை. சாரதாமணி எல்லாவற்றையும் கேட்டாள்.

அதற்குப் பிறகு மண்டபத்து மேனேஜர். அதற்குப் பிறகு ஹெட்மாஸ்டர். வஜ்ரம் நன்றாகவே வேலை செய்திருந்தது. சுரண்டினால் நோட்டீஸ் வரவில்லை, பெயிண்ட்தான் வந்தது. அன்று சாயங்காலத்துக்குள் பதினோரு பேர். நாற்பது நாள் வாய் திறக்காத போன், திறந்த அன்று வசவைத் தவிர வேறு பேசவில்லை.

பன்னிரண்டாவது அழைப்பு வந்தபோது சென்னியப்பன் போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினார்.

சாரதாமணி கொட்டகைப் பக்கம் பார்த்தபடி சொன்னாள்.

"செவல இருந்திருந்தா இந்நேரம் கன்னு போட்டிருக்கும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். பதினோரு பேர் திட்டியதைத் தாங்கியவர்தானே? இதை அவரால் தாங்க முடியவில்லை. கொட்டகையில் மெஷின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, துண்டில் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

பதினான்காம் நாள் சனிக்கிழமை. மறுநாள் காலை பெங்களூர் பஸ். சாரதாமணி ஒரு பையில் நாலு வேட்டி சட்டையும் நிலக்கடலைப் பொட்டலமும் எடுத்து வைத்தாள். மச்சானிடம் பேசவேண்டி வருமே என்று அரிசி டப்பாவிலிருந்த போனைத் துடைத்து அவர் சட்டைப்பையில் போட்டாள். அதை உயிர்ப்பிக்க அவருக்கு மனம் வரவில்லை.

மெஷினைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். கொட்டகையில் விட்டுப்போனால் அதைத் தினமும் பார்க்கவேண்டியவள் சாரதாமணி. சென்னியப்பன் அதை மொபெட்டின் பின்னால் வைத்துக் கட்டிக்கொண்டு மடத்துக்கு வந்தார். மடத்தில் போட்டுவிட்டு, யாராவது கேட்டால் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிப் போய்விடலாம்.

சுவர் அருகில் வண்டியை நிறுத்தினார்.

நோட்டீஸ் பாதிதான் இருந்தது. மேல் பாதியை யாரோ நகத்தால் நாளுக்குக் கொஞ்சமாகச் சுரண்டியிருந்தார்கள். காகிதம் வந்த இடத்தில் அதோடு சேர்ந்து லாரிப் புகையும் பெயர்ந்து வந்திருந்தது. அடியில் பழைய நீல எழுத்து.

*தண்ணீர் குடித்துவிட்டு*

மிச்சம் அவருடைய நோட்டீசுக்கு அடியில் இருந்தது. எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு அம்புக்குறி, பானை இருக்கும் பக்கம் காட்டிக்கொண்டு.

ஒட்டிய அன்று இந்த எழுத்து அவர் கண்ணில் படவே இல்லை. சுவர் கழுவுகிறவன் என்று ஊரெல்லாம் ஒட்டியவருக்குச் சுவரில் இருந்தது தெரியவில்லை. மூன்று வருடம் படித்த குழந்தைகூடப் படித்துவிடும் எழுத்து. சென்னியப்பனுக்குக் காது வரை சுட்டது.

உள்ளே போனார். ஒரு பானை நிரம்பி இருந்தது. மற்றொன்றில் ஒரு சாண் குறைந்திருந்தது. மடத்தம்மாவின் வலதுகை நகங்கள் தேய்ந்து, ஓரம் கறுத்திருந்தன.

"எழுத்த மறைச்சுட்டேன்னு ஏனுங்மா அன்னைக்கே சொல்லலீங்க?"

"நம்பர் போட்டிருந்தீங்க. எங்கிட்ட போன் இல்லீங்ணா."

"இருந்திருந்தா?"

"கூப்புட்டிருப்பேன்."

"நீங்களும் திட்டத்தானுங்க கூப்புட்டிருப்பீங்க." சென்னியப்பன் உட்கார்ந்தார். மெஷினை என்ன செய்வது என்று சொல்ல வந்தது மறந்துபோயிற்று. "பதினோரு பேருங்மா. நல்ல வார்த்த ஒண்ணுகூட இல்லீங்க. நாளைக்குப் பஸ் ஏறறேன். ஒரே ஒரு செவுரு கெடைக்கல."

"திட்டுனாங்களா?"

"தாசில்தாரு திட்டுனதச் சாகற வரைக்கும் மறக்கமாட்டனுங்க."

"திட்டி முடிச்சுட்டு என்ன சொன்னாரு?"

"என்ன சொல்லுவாரு? மரியாதையா வந்து செவுத்தக் கழுவிக் குடுறான்னாரு."

"அடுத்தவரு?"

"மண்டபத்து மேனேஜருங்க. அவுரும் அதேதான். முகூர்த்தத்துக்குள்ள வந்து மொத்தச் செவுத்தையும் கழுவிக் குடுக்கோணும்னு."

"அப்புறம்?"

"ஹெட்மாஸ்டருங்க. அவுரும் வந்து கழு..."

சென்னியப்பனின் வாய் திறந்தபடியே நின்றது.

மடத்தம்மா எழுந்து, குறைந்திருந்த பானைக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள்.

ரோட்டில் ஒரு லாரி போனது. இன்னொன்று போனது. சென்னியப்பன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். அதன் இடுக்கில் இரண்டு அரிசி மணி. ஊதித் தள்ளிவிட்டு, பொத்தானை அழுத்திப் பிடித்தார்.

வெளிச்சம் வந்த மறு நிமிடம் அது அடித்தது.

எடுத்துக் காதில் வைத்தார். அந்தப் பக்கத்துக்காரர் அவருடைய அப்பனில் தொடங்கினார். சென்னியப்பன் குறுக்கே பேசவில்லை. பாட்டன் வரை போய்த் திரும்பி வரும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க. நாந்தானுங்க சென்னியப்பன்," என்றார். "எந்தச் செவுருங்க?"