முக்குளிப்பான் சொல்லாத பதில்

செம்மண்கரை ஏரியின் நடுவே பாதி மூழ்கிய கருவேலமரம் ஒன்று நின்றது. பொழுது சாயும் நேரத்தில் ஏரிப் பறவைகள் எல்லாம் அதில் வந்து கூடும். எந்தப் பக்கம் மீன் திரள்கிறது, எந்தக் கூட்டருகே பாம்பு ஊர்ந்தது, எந்தக் கரையில் ஆள் நடமாட்டம் என்று அன்றன்றைய சேதி அங்கேதான் பேசப்படும். அந்தப் பேச்சை நம்பித்தான் மறுநாள் ஒவ்வொன்றும் இரை தேடப் போகும்.

கூட்டம் என்றால் சண்டையும் இருக்கும். ஒன்று பேசும்போது இன்னொன்று குறுக்கே கத்தும். பொய்ச் சேதி சொல்பவையும் உண்டு. யார் பேசலாம், யார் வாயை மூட வேண்டும் என்று சொல்லிக் கூட்டத்தை அடக்கும் வேலையை, தண்ணீரில் முங்கி மீன் பிடிக்கும் ஒரு முக்குளிப்பான் பார்த்துவந்தது. யாரும் அதை அமர்த்தவில்லை. அந்த ஏரியிலேயே முட்டையை உடைத்து வெளிவந்த பறவை அது. ஒவ்வொன்றின் குரலும் அதற்கு அத்துப்படி. அதனால் தானாகவே அந்த வேலை அதன் தலையில் விழுந்தது.

மாசியில் தண்ணீர் வற்றத் தொடங்கியபோது அது ஒரு தவறு செய்தது. அதன் அக்கா, மேற்குக் கரையில் மீனே இல்லை என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டது. அங்கே மிச்சமிருந்த மீனைத் தன் குஞ்சுகளுக்கு வைத்துக்கொள்ளும் ஆசை. பொய் என்று முக்குளிப்பானுக்குத் தெரியும். கூடப்பிறந்தவளை நாலு பேர் முன்னால் எப்படிக் காட்டிக்கொடுப்பது என்று பேசாமல் இருந்துவிட்டது. நாரைகள் அந்தச் சேதியை நம்பி வெகுதூரம் பறந்து வெறும் அலகோடு திரும்பின. மூத்த நாரையின் கடைக்குட்டி கூட்டிலேயே பசியில் செத்துப்போனது.

விஷயம் வெளியே வந்தபோது மூத்த நாரை சத்தம் போடவில்லை. "இனிமே நம்மள்ல யாரும் இந்த வேலையைப் பார்க்க வேண்டாம். நமக்கு நம்ம சொந்தம்தான் கண்ணுக்குத் தெரியும்" என்றது. மற்றவையும் ஆமாம் என்றன.

கரைக்கு அப்பால் மாந்தோப்பில் ஒரு கிளி இருந்தது. அதற்கு ஏரியில் உறவு கிடையாது, மீனும் தின்னாது. அதையே நடுவராகக் கூப்பிட்டார்கள். முக்குளிப்பான் மன்னிப்புக் கேட்டது. முடிவு மாறவில்லை. தான் வழக்கமாக ஒட்டி மிதக்கும் தாழ்ந்த கிளையில் கிளி வந்து அமர்ந்ததைத் தண்ணீரில் மிதந்தபடி அது பார்த்துக்கொண்டிருந்தது.

நல்ல கிளி என்றுதான் சொல்ல வேண்டும். யாருக்கும் சலுகை காட்டவில்லை. ஒன்று பேசி முடித்த பிறகே மற்றொன்று பேச வேண்டும் என்றது. பொய் சொன்ன நீர்க்காகத்தை மூன்று நாள் மரத்துப் பக்கமே வரவிடவில்லை. சில மாதங்கள் ஏரி அமைதியாக இருந்தது.

மழைக்காலம் வந்ததும் கானாங்கோழியைப் பற்றிப் புகார் கிளம்பியது. கரையோரக் கோரைப்புதரில் குடியிருக்கும் பறவை அது. அதன் வாய் ஓயாது. பகலில் தூங்க முடியவில்லை என்று கொக்குகள் முறையிட்டன. கிளி ஒருமுறை எச்சரித்தது. கானாங்கோழியால் அடக்கிக்கொள்ள முடியவில்லை.

தண்டனை சொல்வதற்கு முன் கிளி முக்குளிப்பானைத் தனியாகத் தேடி வந்தது. "நான் இந்த ஏரிக்குப் புதுசு. அது கத்துறதுல ஏதாவது அர்த்தம் இருக்கா? நீங்க சொன்னா கேட்டுக்கறேன்."

அர்த்தம் இருந்தது. மேகத்தைக் கண்டால் கானாங்கோழி நீளமாகக் கத்தும். அது வெறும் குஷி. கோரைக்குள் மனிதக் கால் பட்டால் மட்டும் மூன்று தடவை வெட்டி வெட்டிக் கத்தும். அந்தக் கத்தலில் மிரண்டு பறந்தே போன வருஷம் எத்தனையோ உயிர் தப்பியது; ஏன் தப்பினோம் என்று அவற்றுக்கே தெரியாது. பதில் முக்குளிப்பானின் தொண்டை வரை வந்தது. ஆனால் தன்னைத் தள்ளிவைத்த நாள் நெஞ்சில் உறுத்தியது. வெளியாளைக் கூட்டி வந்தார்களே, அவரே கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டது.

"எனக்கென்ன தெரியும்? நீங்கதானே நடுவர்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் முங்கியது.

ஏழு நாள் கானாங்கோழி வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் ஏரியை விட்டே போய்விட வேண்டும் என்று தீர்ப்பானது. அதற்கு இரண்டு குஞ்சுகள், இன்னும் பறக்க வராதவை. அவற்றைக் கூட்டிக்கொண்டு எங்கே போகும்? தலையைக் குனிந்து ஒத்துக்கொண்டது. திரும்பும் வழியில் முக்குளிப்பானிடம், "அண்ணே, உங்களுக்குத் தெரியும்ல. நான் சொன்னா சாக்குன்னு நினைப்பாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டது.

நாளைக்குச் சொல்கிறேன் என்றது முக்குளிப்பான். மறுநாளும் அதையே நினைத்தது. அதற்கு மறுநாளும்.

நான்காம் நாள் உச்சிவெயிலில், காற்றே இல்லாதபோது கோரையின் நுனிகள் அசைவதை முக்குளிப்பான் பார்த்தது. வலையோடு இரண்டு ஆட்கள். கரையில் கொக்குகள் கண்ணயர்ந்திருந்தன. கானாங்கோழி புதரிலிருந்து வெளியே ஓடி வந்தது. அலகைத் திறந்தது, மூடியது, திரும்பித் தன் குஞ்சுகள் இருந்த பக்கம் பார்த்தது. முக்குளிப்பான் தன்னால் முடிந்த மட்டும் கூவியது. அதன் மெல்லிய குரல் கரையை எட்டவில்லை. கடைசியில் கானாங்கோழி மூன்று தடவை கத்தியேவிட்டது. அதற்குள் வலை விழுந்துவிட்டது. பதினோரு கொக்குகள் சிக்கின. கத்தியதால் இடம் தெரிந்துபோய், கானாங்கோழியும் பிடிபட்டது. முக்குளிப்பான் முங்கித் தப்பியது.

அன்று பொழுது சாய்ந்தபோது கிளி மரத்தில் நின்று, "தப்பு என்னோடது. அந்தக் குரல் எதுக்குன்னு தெரியாமத் தண்டிச்சுட்டேன்" என்றது. யாரிடம் விசாரித்தது என்பதைச் சொல்லவில்லை. முக்குளிப்பானை அது காட்டிக்கொடுக்க விரும்பவில்லை.

அந்தப் பெருந்தன்மையை முக்குளிப்பானால் தாங்க முடியவில்லை. "கிளி என்கிட்ட கேட்டது. எனக்குத் தெரியும். கோபத்துல சொல்லாம விட்டுட்டேன்" என்றது.

ஒரு பறவையும் திட்டவில்லை. மூத்த நாரை சிறகை விரித்துப் பறந்துபோனது. மற்றவையும் ஒவ்வொன்றாகப் போயின. கிளி தோப்புக்குத் திரும்பியது, பிறகு வரவேயில்லை.

கோரைக்குள் இரண்டு குஞ்சுகளும் தாயைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. முக்குளிப்பான் சின்ன மீன்களைக் கவ்விக்கொண்டு போனது. கரையில் அதற்குச் சரியாக நடக்க வராது. நெஞ்சை இழுத்து இழுத்து நகர்ந்தது. பெரிய குஞ்சு அலகைத் திறந்து வாங்கிக்கொண்டது. சின்னது அதைப் பார்த்துப் பயந்து புதருக்குள்ளேயே ஒடுங்கியது. மூன்றாம் நாள் ஒரு குரல்தான் கேட்டது.

கருவேலமரத்துக்கு அதன்பின் யாரும் வரவில்லை. அவரவர் கண்ணுக்குப் பட்டதை மட்டும் நம்பி அவரவர் இரை தேடப் போனார்கள். திரும்பாதவர்களைப் பற்றிக் கேட்கவும் இடமில்லாமல் போனது.

கூட்டத்தைக் காக்க உள்ளே இருப்பவரை வைத்தாலும் வெளியாளை வைத்தாலும், உண்மை தெரிந்தவர் பாசத்துக்காகவோ கோபத்துக்காகவோ வாயை மூடிக்கொண்டால் அந்தக் கூட்டம் அழியும்.