கொடிச்சி மறைத்த பாதி நோய்

சோலைக்காட்டில் கொடிச்சி என்றொரு கருமந்தி இருந்தாள். கிளைக்குக் கிளை தாவுவதில் அவளுக்கு நிகர் யாருமில்லை. ஒரு மழைக்காலத்தில் அவள் விரல் மூட்டுகள் வீங்கின. விடிந்ததும் கை மரக்கட்டையாக விறைத்துக் கிடக்கும். தன் குட்டியை அணைத்துப் பிடிக்கவே பயந்தாள்.

வயிறும் கெட்டிருந்தது. தின்றது தங்கவில்லை, சில நாள் இரத்தமும் போயிற்று. கை வலிக்குக் கூட்டம் இரங்கியது. பேதி என்றால் சிரிக்குமே! யாரும் பார்க்காமல் புதருக்குள் போய் வந்தாள். தங்கை நறவிக்கு மட்டும் தெரியும்.

"யாரிடமும் சொல்லாதே. என்மேல் சத்தியம்!" என்றாள் கொடிச்சி.

மூலிகை அறிந்த கரடி எண்கன் அவள் விரல்களை அமுக்கிப் பார்த்தான்.

"வயிறு எப்படி இருக்கிறது?"

"வலி கையில், கரடி அண்ணா! வயிற்றை ஏன் கேட்கிறீர்கள்?"

"காரணமாகத்தான் கேட்கிறேன்."

"வயிற்றுக்கு ஒரு குறையும் இல்லை!"

எண்கன் வலியடக்கும் பட்டை ஒன்றைக் கொடுத்தான். "வயிறு கெட்டவர்கள் இதைத் தொடவே கூடாது" என்று எச்சரித்தான். கொடிச்சி தலையாட்டினாள். மென்றாள். வலி குறைந்தது. ஆசையில் இன்னும் மென்றாள். வயிறோ பற்றி எரிந்தது. இரத்தம் முன்னைவிட அதிகமாகப் போயிற்று.

ஒரு காலை ஓடைக்கு மேலே தாவியபோது அவளுக்குக் கண் இருண்டது. எப்படியோ எதிர்க்கிளையைப் பற்றிக்கொண்டாள். மார்பிலிருந்த குட்டி நழுவி விழுந்தது! கீழ்க்கிளையில் இருந்த நறவி அதன் காலைப் பிடித்துவிட்டாள்.

அதே ஓட்டமாய் நறவி கரடியிடம் போனாள்.

"அண்ணா! அக்காவுக்கு வயிறு கெட்டு வெகுநாளாகிறது. இரத்தம் போகிறது. சத்தியத்தை மீறிவிட்டேன்!"

எண்கன் வந்து பார்த்தான்.

"கையும் வயிறும் வேறுவேறு நோயில்லை, கொடிச்சி. இரண்டிலும் எரிவது ஒரே தீ. நான் கையைப் பார்க்கப் போய் வயிற்றில் எண்ணெய் ஊற்றிவிட்டேனே!"

கொடிச்சி குட்டியைப் பார்த்துப் பார்த்து அழுதாள்.

பட்டையை நிறுத்தி வேறு மருந்து கொடுத்தான் எண்கன். வயிறு மெல்ல ஆறியது. அது ஆற ஆற விரல் விறைப்பும் தளர்ந்தது. ஆனாலும் இரண்டு விரல்கள் வளைந்தது வளைந்ததுதான்.

கூட்டம் பள்ளத்தைத் தாவி அடுத்த சோலைக்குப் போனபோது, கொடிச்சி தரைவழியே சுற்றி நடந்தாள். அவள் பேதி இதற்குள் கூட்டம் முழுக்கத் தெரிந்திருந்தது. ஆனால் அவள் எதற்குப் பயந்தாளோ, அது நடக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. அவள் வந்து சேரும்வரை அத்தனை பேரும் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் காத்திருந்தார்கள்.

வெட்கத்தால் நோயில் பாதியை மறைப்பவருக்கு, சொன்ன பாதிக்கும் மருந்து பலிக்காது.