படத்தில் இல்லாத கால்கள்

"உள்ளதைத்தானே சொன்னேன், மேடம்! அதுக்காக அந்தம்மா பிள்ளையைப் பார்க்கவே வரலைன்னா நான் என்ன பண்றது? பாலும் எடுத்துக் கொடுக்கறதில்ல."

கேட்டவன் நன்மாறன். குறைமாதக் குழந்தைகள் வார்டில் இளம் டாக்டர். நல்லவன்தான், ஆனால் சரியான அவசரக்குடுக்கை.

கேட்டுக்கொண்டிருந்தவர் டாக்டர் ஜெய்த்தூன். மூளை ஸ்கேன் படங்களைப் பார்க்க அவனுக்குச் சொல்லித்தருபவர்.

"என்னன்னு சொன்ன?"

"மூளையில காயம் இருக்கு, உங்க பையன் நடக்க மாட்டான்னு சொன்னேன்."

ஜெய்த்தூன் படத்தைத் திரையில் போட்டார்.

"நடக்க மாட்டான்னு எங்க இருக்கு? காட்டு."

அவன் வெள்ளைப் புள்ளிகளைத் தொட்டுக் காட்டினான்.

"அது காயம். நான் கேட்டது காலை."

"இந்த மாதிரி காயம் இருக்கிற பிள்ளைங்கள்ல பாதிக்கு மேல நடக்கறதில்ல, மேடம்."

"மிச்சம்?"

"நடக்குதுங்க."

"இவன் எதுல சேர்த்தி?"

நன்மாறன் உற்றுப் பார்த்தான். பெரிதாக்கிப் பார்த்தான்.

"தெரியல, மேடம். நீங்களே சொல்லுங்க."

"எனக்கும் தெரியாது. இத்தனை வருஷமா தேடுறேன். பாழாப்போன படத்துல அது மட்டும் இல்லவே இல்ல." அவர் எழுந்தார். "வா. அவகிட்டயே போய்ச் சொல்லு."

தாய்மார்கள் தங்கும் கூடத்தில் பையனின் அம்மா பேச்சியம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கிட்டே போனதும் மல்லிகைப்பூ வாசம்.

நன்மாறனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பூ வச்சிருக்காங்க, மேடம். மனசு தேறிட்டாங்க போல."

"தலையைப் பாரு" என்றார் ஜெய்த்தூன்.

தலையில் பூ இல்லை.

பேச்சியம்மாள் எழுந்து முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். மூடுவதற்குள் தெரிந்துவிட்டது: மாரில் இறுக்கிக் கட்டியிருந்த பூ வாடிக் கிடந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குப் பால் வற்றுவதற்காகக் கட்டுவது அது.

"ஐயோ, பிள்ளை உயிரோட இருக்கான்மா! உங்க பாலுக்குத்தான் கிடந்து தவிக்கிறான்!"

"தெரியும் சார். குடிச்சா பொழைச்சுக்குவான். நடக்காத பிள்ளையை எனக்கப்புறம் யாரு தூக்குவா? அதான் கட்டிட்டேன்."

நன்மாறன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அவுத்துருங்கம்மா. நான் சொன்னது தப்பு. நடந்தாலும் நடப்பான், நடக்காமலும் போகலாம். யாருக்கும் தெரியாது."

அவள் அவனையே பார்த்தாள்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா சார்?" என்றாள். "வத்திருச்சே."